வெள்ளை டேப் சுற்றிய நாலாவது பிளக்

சந்தோஷபுரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பங்குனி வெயில். தோளில் என் சொந்த ஸ்பேனர் பை, இடுப்பில் என் சொந்த பேன்ட், மேலே வெறும் பனியன். கம்பெனி கொடுத்த சட்டையையும் கம்பெனி பைக்கின் சாவியையும் மேடவாக்கம் ஆபீஸ் மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். சட்டையைக் கழற்றும்போது இருந்த கோபத்தில், உள்ளே போட்டிருப்பது பனியன்தான் என்பது தோன்றவில்லை. தோன்றியபோது ரோட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்க மனமில்லை. ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். நானும் கையைக் காட்டவில்லை. நடந்தால்தான் அந்தக் கோபம் இறங்கும்போல் இருந்தது.

அது பழைய கதை. இப்போது நான் வேலைக்குப் போவதில்லை. காரின் முன்னால் குனிந்தால் நிமிர்த்திவிட ஓர் ஆள் வேண்டும். பைக்கில் பையை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய் வண்டி பார்க்கும் பிள்ளைகளாகிய நீங்கள் என்னிடம் அனுபவத்தைச் சொல்லச் சொல்கிறீர்கள். இன்ஜினில் ஸ்பார்க் பிளக் எப்படி மாற்றுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நான் சொல்ல வந்தது நம் தொழிலில் எல்லார் வாயிலும் இருக்கிற ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி.

பானெட்டைத் திறந்ததும் சொல்வோமே, "ஏற்கெனவே யாரோ கை வச்சிருக்காங்க சார்."

இன்ஜினைச் சரியாகக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அதற்குள் அந்த வாக்கியம் வந்துவிடும். நான் ஏழாவது பாதியில் பள்ளியை விட்டு ஓடியவன். நெல்லூர், ஓசூர், பாண்டிச்சேரி என்று எத்தனையோ பட்டறைகளில் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எந்த ஊரிலும் சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை. ஆனால் எல்லா ஊரிலும் இந்த வாக்கியம் இருந்தது. தெலுங்கில் இருந்தது, கன்னடத்தில் இருந்தது. முன்னால் பார்த்தவன் திருடன், நான் யோக்கியன் என்பதுதான் அதன் அர்த்தம். வேலை கெட்டுப்போனால் பழி போட ஓர் ஆள் முன்கூட்டியே தயார். அந்த ஆள் வண்டிக்காரராகவே இருந்துவிட்டால் இன்னும் வசதி. அவரால் எதிர்த்துப் பேச முடியாது.

நான் சட்டையைக் கழற்றிய அன்று மதியம், வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டி பார்க்கும் நம் கம்பெனி என்னை அனுப்பியது கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டுக்கு. வேலை பார்ப்பதற்கு அல்ல, புகாரை முடித்து வைப்பதற்கு. இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரம்மா பெயர் ரஹ்மத். நாற்பது வயதிருக்கும். சிறுசேரியில் ஓர் ஆபீசுக்கு மதியச் சாப்பாடு சமைத்து, தன் காரின் பின்சீட்டை மடக்கி அதில் பாத்திரங்களை ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போகிறவர். கணவர் இல்லை. தம்பி அன்வர் கூட இருக்கிறார். பல்லாவரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். போர்டிகோவில் அந்தப் பழைய கார் பானெட் திறந்தபடி நின்றது. பானெட்டின் உள்பக்கத்தில் சுத்தியலால் அடித்ததுபோல் ஒரு பள்ளம். பிளக் தெறித்து அடித்த பள்ளம்.

அன்று காலை சாப்பாட்டோடு போகும்போது மேடவாக்கம் சிக்னல் பக்கம் நாலாவது பிளக், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வெடிச் சத்தம் கேட்டு ரோட்டில் இருந்தவர்கள் ஒதுங்கி ஓடியிருக்கிறார்கள். ரஹ்மத் இரண்டு ஆட்டோ பிடித்துப் பாத்திரங்களை மாற்றி ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

"நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாங்கண்ணா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிரியாணி. அந்த ஆபீஸ் போச்சுன்னா நான் அடுப்ப அணைச்சுட்டு உக்கார வேண்டியதுதான்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பியைக் காட்டினார்.

"எல்லாம் இந்த இன்ஜினியராலதான். போன்ல வீடியோ பாத்துட்டு நானே மாத்துறேன்க்கான்னான். நானும் சரின்னு விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அன்வர் தலையை நிமிர்த்தவில்லை. "மூணு நல்லாத்தான்க்கா மாட்டினேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வாய மூடுடா. நாலாவதுதான்டா தெறிச்சுச்சு."

நடந்தது என்னவென்று அவரிடம் கேட்டேன். சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி இரவெல்லாம் நின்று ஆறியிருந்த நேரத்தில் ஆரம்பித்திருக்கிறார். பிளக் உட்காரும் ஒவ்வொரு குழியையும் சைக்கிள் பம்ப்பால் ஊதிச் சுத்தம் செய்திருக்கிறார். மூன்று பிளக்கையும் முதலில் விரலாலேயே சுற்றி உட்காரவைத்து, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டிருக்கிறார். நாலாவது குழியில் இருந்த பழைய பிளக் கழன்று வரவில்லை. கொஞ்சம் திரும்பி நின்றுவிட்டது. அவர் அதற்குமேல் தொடவில்லை. பழைய பிளக்கை அப்படியே இறுக்கிவிட்டு, நம் கம்பெனிக்குப் போன் செய்திருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தெரியாத வேலையில் இறங்கின மனிதன், தெரியாத இடம் வந்ததும் நிறுத்தியிருக்கிறான். நம்மில் எத்தனை பேர் நிறுத்துவோம்?

போனில் கம்பெனிப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறது: வண்டியில் நீங்களே ஏதாவது வேலை செய்தீர்களா? அன்வர் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். மூன்று பிளக் மாற்றினேன், நாலாவது வரவில்லை, அதனால்தான் கூப்பிடுகிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். வண்டிக்கு என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாராம். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

திங்கட்கிழமை மதியம் நம் ஆள் ஒருவர் வந்திருக்கிறார். ரஹ்மத் அப்போதுதான் சிறுசேரியிலிருந்து திரும்பியிருந்தார். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. "ஆறட்டும்ணா, வீடியோல ஆறினப்புறம்தான் கழட்டணும்னு சொன்னாங்க" என்று அன்வர் சொல்லியிருக்கிறார். அதற்கு நம் ஆள் சிரித்துவிட்டு, "சூட்டோட கழட்டினாத்தான் பாஸ் லூசா வரும். வீடியோ பாத்துத் தொழில் கத்துக்க முடியுமா?" என்றிருக்கிறார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஒரே மிதி.

ஹெட் இரும்பாக இருந்த காலத்தில் அந்தச் சூட்டுப் பேச்சுக்கு ஏதோ அர்த்தம் இருந்தது. இப்போது ஹெட் அலுமினியம். சூட்டில் அது வெண்ணெய் மாதிரி. பிளக்கைத் திருகினால் பிளக்கோடு ஹெட்டின் மரையும் சேர்ந்து உரிந்து வரும். வந்தது. நம் ஆளுக்கும் அது தெரிந்திருக்கும், கையில் பிடித்துப் பார்த்திருப்பார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

நான் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மரை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, வழவழவென்று ஓட்டை. ரஹ்மத் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்த, தெறித்து விழுந்த பிளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். புது பிளக். அதன் மரையில் கருகிப்போய், ஓரத்தில் மட்டும் இன்னும் வெள்ளையாக, டேப் சுற்றியிருந்தது. பிளம்பர்கள் தண்ணீர்க் குழாயில் சுற்றுவார்களே, அதே டேப்.

மாடித் தொட்டி குழாய்க்குச் சுற்றுகிற டேப்பை இன்ஜின் வெடிக்கிற இடத்தில் சுற்றி இறுக்கிவிட்டு, "ஓகே சார், பக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா அதை நம்பிப் பின்னால் கொதிக்கிற குழம்பை வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டியிருக்கிறார். அந்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரம் இப்போது சொல்லும்போதும் வருகிறது.

ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன். பிரகாஷ் என்று ஒரு பையன், முப்பதுகூட இருக்காது. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, ஒன்னும் பேசிக்காதீங்க. அந்தக் கஸ்டமர் வீட்டுலயே கை வச்ச வண்டி அது. அவரே போன்ல ஒத்துக்கிட்டாரு, ரெக்கார்ட் இருக்கு. அவர் மாட்டினதுல மரை போச்சுன்னு சொல்லிடுங்க. முடிக்கிற நம்பர வாங்கிட்டுக் கிளம்புங்க."

வேலை முடிந்தது என்பதற்கு வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு நம்பர் வருமே, அதைத்தான் சொன்னார். அது கைக்கு வந்துவிட்டால் புகார் செத்துவிடும்.

"டேப் சுத்தியிருக்கே பிரகாஷ்?"

"டேப்ப யார் சுத்தினான்னு எப்படிண்ணா ப்ரூவ் பண்ணுவாங்க?"

நான் போனைக் காதில் வைத்திருந்தேன். எதிரே ரஹ்மத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுங்கண்ணா. இவன்தானே கெடுத்தான்?" என்று கேட்டார். அன்வர் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நான் ஆமாம் என்று தலையை அசைத்திருந்தால் போதும். அக்காவின் பிழைப்பைக் கெடுத்தவன் என்று அந்த மனிதன் காலம் முழுக்கத் தன்னையே நம்பியிருப்பான். நம் கம்பெனிக்கு ஒரு புகார் குறைந்திருக்கும்.

"இவர் இல்லம்மா" என்றேன். "இவர் மாட்டின மூணும் அசையாம இருக்கு, பாருங்க. நாலாவத எங்க ஆளுதான் சூட்டுல திருகிக் கெடுத்தார். கெடுத்துட்டு டேப்பச் சுத்தி மறைச்சார்."

போனில் பிரகாஷ் "அண்ணா! அண்ணா!" என்று கத்துவது கேட்டது. கட் செய்தேன்.

இத்தோடு நான் பெரிய மனிதன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ரஹ்மத் தம்பியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த நொடி என் பக்கம் திரும்பினார்.

"சரி, யாரோ கெடுத்தாங்க. இப்ப வண்டி ஓடுமா ஓடாதா?"

"ஹெட்டக் கழட்டி, லேத் பட்டறைல குடுத்து, உள்ள புது மரை வைக்கணும்மா. ரெண்டு நாள் ஆகும்."

"அதே டேப்ப இன்னும் நாலு சுத்து கூடச் சுத்தி மாட்டிக் குடுங்க. நாளைக்கு ஒரு நாள். மெதுவா ஓட்டிட்டுப் போறேன். அப்புறம் நீங்க ஹெட்டக் கழட்டுங்க, என்ன வேணா கழட்டுங்க."

"முடியாதும்மா."

"நான்தானே கேக்குறேன்? ஏதாவது ஆனா உங்களக் கேக்க மாட்டேன்."

"திரும்பவும் தெறிக்கும். பெட்ரோல் ஆவி வெளிய வரும். பக்கத்துலயே நெருப்புப் பொறி. நீங்க உள்ள உக்காந்திருப்பீங்க."

"நல்லாப் பேசுறீங்க" என்றார் அவர். "அவங்க பொய்யச் சொல்லி வண்டிய ஓட வச்சாங்க. நீங்க உண்மையச் சொல்லி நிப்பாட்டி வச்சிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒன்னுதாண்ணா."

தம்பிகளா, பொய் சொல்லச் சொல்லும் மேனேஜரை எதிர்ப்பது கஷ்டமில்லை. கோபம் வந்தால் தானே நடந்துவிடும். கையெடுத்துக் கேட்கிற வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வதுதான் கஷ்டம். அங்கே கோபம் உதவிக்கு வராது. அவர்கள் கேட்பதைச் செய்தால் நல்லவன் என்று பெயர் வரும், நாளைக்கு ரோட்டில் என்ன நடந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் டேப்பைக் கையில் எடுக்காதீர்கள். நான் அந்த முடிக்கிற நம்பரையும் கேட்கவில்லை, டேப்பும் சுற்றவில்லை. ஆபீசில் பேசி மாற்று வண்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மேடவாக்கத்துக்குப் போனேன்.

ஆபீஸ் வாசலில் கம்பெனியின் வேன் ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. அதை நாளைக்கு ஒரு வேளைக்கு மட்டும் கொடு, ஹெட் வேலையைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளட்டும், நானே கழற்றி மாட்டுகிறேன் என்று பிரகாஷிடம் கேட்டேன். ஏ.சி. போட்ட அறையில் அவருக்கு வியர்த்தது. அவரும் பாவம்தான். மேலே இருப்பவன் அவரைத் திருகுகிறான், அவர் நம்மைத் திருகுகிறார்.

"வேன் குடுத்தா நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரிண்ணா."

"நம்ம தப்புதானே?"

"அத கஸ்டமர் முன்னாடி ஏன் சொன்னீங்க? உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்குப் போய், செக் பண்ணிப் பாத்தேன், வீட்டுல மாட்டினதுலதான் போயிருக்குன்னு மாத்திச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா சட்டையக் கழட்டி வச்சுட்டுப் போங்க."

வாய்ப்பேச்சுக்குத்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் கழற்றிவிட்டேன். மறுபடி அந்தப் படிக்கட்டுக்குப் போய், மூன்று பிளக்கை ஒழுங்காக மாட்டிய மனிதனைப் பார்த்து, 'நீதான் கெடுத்தாய்' என்று சொல்ல என்னால் முடியாது. உண்மையைச் சொன்னவனின் பதிலை எடுத்து அவன் கழுத்திலேயே கயிறாக மாட்டுகிற வேலைக்கு எந்தப் பட்டறையிலும் நான் பழகவில்லை.

அப்படித்தான் பனியனோடு நடந்தேன். செம்பாக்கம் வரும்போது போன் அடித்தது. அன்வர். "அண்ணா, அக்கா பேசணுமாம்" என்று கொடுத்தார்.

"வண்டி என்னாச்சுண்ணா?"

"குடுக்க மாட்டேன்னுட்டாங்கம்மா. நான் வேலைய விட்டுட்டேன்."



"நான் வேலைய விடச் சொல்லலையேண்ணா. வண்டிதானே கேட்டேன்" என்றார். வைத்துவிட்டார்.

அதுவரை என் மனதில் கொஞ்சம் பெருமை இருந்தது. சட்டையை வீசிவிட்டு வந்தவன் என்ற பெருமை. அது அந்த ரோட்டிலேயே வடிந்துபோனது. நான் சட்டையைக் கழற்றியதால் அந்த அம்மாவின் ஒரு பாத்திரம்கூட சிறுசேரி போய்ச் சேராது. ஆத்திரப்பட்டதில் எனக்குத்தான் நிம்மதி. அவருக்கு நாளைக்கு வெள்ளிக்கிழமை.

கேம்ப் ரோடு பக்கம் பழைய சிநேகிதன் ஏழுமலையைப் பார்த்தேன். கோவளத்து ஆள். கடலுக்குப் போகிற குடும்பம், இவன் மட்டும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். விடியற்காலையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து சேலையூரில் இறக்குவான், முற்பகலில் காலியாகத் திரும்புவான். அன்று பிரேக் வேலை இழுத்துவிட்டதால் மாலைவரை மாட்டிக்கொண்டு டீக்கடையில் இருந்தான்.

"இன்னாபா, சட்டைய எவன்னா உருவிக்கினு பூட்டானா?" என்றான்.

நடந்ததைச் சொன்னேன்.

"அத்த வுடு. பனியனாச்சும் கீதே." டீ சொன்னான். "அந்தம்மா வூடு எங்க கீது?"

"கீழ்க்கட்டளை. சோறு போகவேண்டியது சிறுசேரி."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. சிறுசேரி அவன் ஊருக்குப் போகிற வழி. தினமும் காலியாகப் போகிற வண்டி.

அவனும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "யோவ், மீன் வண்டிபா இது! பிரியாணிய இதுல ஏத்தினா, திங்கறவன் அது கறி பிரியாணியா எறா பிரியாணியான்னு பேஜாராய்டுவான்!"

"கழுவலாம்."

"நீ கழுவு. என் பொண்டாட்டி இத்தினி வருசமா என்னியவே கழுவிக்கினு கீறா, நாத்தம் போவல."

ஆனால் காலையில் அவன்தான் முதலில் குழாயடியில் நின்றான். மீனை இறக்கிய கையோடு சேலையூர் மார்க்கெட் பின்னால் வண்டியை நிறுத்தி, ப்ளீச்சிங் பவுடர், புளிக்கரைசல், எலுமிச்சைத் தோல் என்று யார் யார் என்ன சொன்னார்களோ எல்லாம் போட்டுத் தேய்த்தோம். புதுத் தார்ப்பாய் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தோம். அதன்மேல் வாழையிலைக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பரப்பினான் ஏழுமலை. நானும் ஒரு சட்டை கடன் வாங்கியிருந்தேன்.

கீழ்க்கட்டளை வாசலில் வண்டி நின்றதும் ரஹ்மத் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பின்னால் ஏறிக் குனிந்து மோந்து பார்த்தார்.

"மீன் வண்டி" என்றார்.

"காலைல வரிக்கும்" என்றான் ஏழுமலை.

அவர் அசையாமல் நின்றார். உள்ளே தம் இறக்கிய பெரிய பிரியாணிப் பாத்திரமான தேக்சாவிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அன்வர் யாரையும் கேட்காமல் உள்ளே போய், தேக்சாவின் ஒரு காதைத் துணியால் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் பக்கம் பிடி" என்றார். ரஹ்மத் கொஞ்சம் தயங்கினார். பிறகு போய்ப் பிடித்தார்.

எல்லாம் ஏற்றியபின், மூடியை மாவு வைத்து ஒட்டியிருந்தாலும் பெரிய தேக்சா ஆடியது. பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்ச்சா இருந்த வாளிக்கு மூடியே சரியில்லை. ரஹ்மத் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து வேலைய விட்டுட்டேன்னீங்களே, இன்னைக்கு வேற எதுனா வேலை இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப பின்னாடி ஏறுங்க. ஒரு காலால தேக்சாவ அண்டக் குடுங்க, கையால வாளியப் பிடிங்க. ரோடெல்லாம் பள்ளம். தால்ச்சா ஒரு சொட்டு கொட்டுச்சுன்னாலும் இந்த வேலையும் போச்சு."

ஏறி உட்கார்ந்து வாளியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.